எப்சிபாவின் ரைஃபிள்

"டீச்சர், இந்தப் பின் என் உயிரை வாங்குது. அசையவே மாட்டேங்குது."

புலம்பியவர் சிஷ்யர் ஆசீர்வாதம், பட்டாளத்திலிருந்து ரிட்டயர்டு ஆனவர். குரு ரசியாவுக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். குரு என்றால் தாடி இருந்தே ஆக வேண்டுமா என்ன?

ஆசீர்வாதத்தின் மகள் எப்சிபாவுக்குத் துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுப்பவர் ரசியா. எப்சிபா அப்பாவிடம் அதிகம் பேசமாட்டாள். கேட்டதற்கு ஒரு சொல், அவ்வளவுதான். பேசத்தான் மாட்டேங்கிறாள், அவளுடைய ஏர் ரைஃபிளையாவது துடைத்துக் கொடுப்போம் என்று ரசியாவிடம் அந்த வேலையைக் கற்றுக்கொண்டார் மனிதர்.

விடிந்தால் மாவட்டப் போட்டி. ட்ரிக்கர் சிக்குகிறது. அதைக் கழற்ற வேண்டுமானால், அதைப் பிடித்திருக்கும் சின்ன இரும்பு ஆணியான இந்தப் பின் வெளியே வரவேண்டும். சாப்பாட்டு மேஜையில் பழைய போர்வையை விரித்து, மத்தியானத்திலிருந்து தட்டிப் பார்த்தார். கடைசியில் போன் போட்டு குருவையே வீட்டுக்கு வரவழைத்துவிட்டார்.

"எந்தப் பக்கமிருந்து அடிச்சீங்க அண்ணாச்சி?"

"இடப்பக்கமிருந்துதான். பட்டாளத்துல அப்படித்தான பழக்கம். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்."

ரசியா அவர் கையிலிருந்த சுத்தியலை வாங்கிக் கீழே வைத்தார்.

"எப்சிபாவுக்கு எந்தக் கைப் பழக்கம்?"

"சோத்துக்கைதான். சின்னதுலயே மாத்திட்டேன்லா."

 குழலில் குண்டு இல்லை என்று பார்த்துவிட்டு ரசியா ரைஃபிளை எடுத்து அவரிடம் கொடுத்தார்.

"தோள்ல வைங்க."

வலது தோளில் வைத்தார். ரைஃபிளின் கட்டை கன்னத்தில் இடித்தது. பிடி கைக்குள் அடங்கவில்லை.

"என்ன எழவு இது, கோணிப் போச்சா?"

ரசியா அதை மெல்ல அவருடைய இடது தோளுக்கு மாற்றினார்.

எல்லாம் பொருந்தியது.

ஆசீர்வாதம் பிடியை ஒருதரம் தடவிப் பார்த்தார்.

"இடதுகைக்காரங்களுக்குன்னே செஞ்சது அண்ணாச்சி. இதுல பின்னும் எதிர்ப்பக்கமிருந்துதான் கழலும். நீங்க அடிக்க அடிக்க இறுகிட்டே போயிருக்கு."

ரசியா ரைஃபிளை வாங்கி மேஜையில் மறுபக்கமாகத் திருப்பி வைத்தார். ஒரு சொட்டு எண்ணெய். லேசாக ஒரு தட்டு.

பின் போர்வையில் விழுந்தது.

ஆசீர்வாதம் அதைப் பார்க்கவில்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதே மேஜைதான். துணியால் நாற்காலியோடு கட்டின ஒரு குட்டி இடது கை. ரசஞ்சோற்றின் முன்னால் மூக்கு ஒழுக அழுத பிள்ளை. பாவி, என்ன காரியம் பண்ணிட்டேன்!

"அவ சுடுறதை நீங்க ஒருநாளும் வந்து பார்க்கலையே?"

"வராதீங்கன்னு அவதான் சொன்னா டீச்சர்."

காலையில் எப்சிபா ஷூ மாட்டிக்கொண்டு வந்தாள். ஆசீர்வாதம் ரைஃபிள் பெட்டியோடு வாசலில் நின்றார்.

அந்த வீட்டுப் பழக்கப்படி அவள் வலது கையை நீட்டினாள்.

அவர் கொடுக்கவில்லை.

"நேரமாகுதுப்பா."

"அந்தக் கை வேண்டாம்மா." பெட்டியை அவள் இடது பக்கமாக நகர்த்தினார். "உன் கையை நீட்டு."