மோர் தெளியும் வரை

“அம்மா, ஊர் வாயை விலைக்கு வாங்கிட்டாங்க” என்றார் பொன்னுரங்கம்.

“எவ்வளவுக்கு?” என்று கேட்டார் குரு.

“ஒரு டம்ளர் மோருக்கு.”

குரு சிரித்துவிட்டார். பொன்னுரங்கத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

சீடருக்கு அறுபது வயது. குரு ஏகவல்லிக்கு முப்பத்தைந்துதான். மலையடியில் ஓட்டுக் கூரை போட்ட ஒரு சின்ன மடம், அதில் அவர் தனியாக இருந்தார். குரு சின்னவராக இருக்கிறாரே என்று ஊரில் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. அவர் சொல்வது உதவியது. அது போதும்.

“உட்காருங்க பெரியவரே. முதல்லேர்ந்து சொல்லுங்க.”

பொன்னுரங்கம் உட்கார்ந்தார். சொன்னார்.

ஏரிக்கரைக் கிணறு ஒன்றுதான் ஊருக்குக் குடிதண்ணீர். பாட்டில் தண்ணீர் விற்கிற கம்பெனி ஒன்று அந்தக் கிணற்றைக் கேட்கிறது. நாளை மே தினம். கிராம சபை கூடும். ‘ஆட்சேபனை இல்லை’ என்று தீர்மானம் போட்டால் கிணறு கம்பெனிக்கு.

“சபையில வேணாம்னு சொல்லுங்க.”

“எப்படிம்மா சொல்றது? பந்தல் அவங்க போடறாங்க. சேர் அவங்களுது. மைக் அவங்களுது. மோர் வேற ஊத்தறாங்க. போன தடவையும் இப்படித்தான். மேய்ச்சல் நிலத்தைக் கேட்டாங்க. குடிச்சுட்டு எல்லாரும் கம்முனு உட்கார்ந்திருந்தோம். நிலம் போச்சு.”

ஒருவர் வீட்டில் கை நனைத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து அவரைக் குறை சொல்வதில்லை. அந்தப் பக்கத்துப் பழக்கம் அது. நல்ல பழக்கம்தான். கம்பெனிக்கும் அது நன்றாகத் தெரிந்திருந்தது.

“நீங்க வந்து பேசுங்கம்மா. நீங்க சொன்னா ஊரே கேட்கும்.”

“கேட்கும். பேசாது.”

“அப்ப நான் நாளைக்கு மோர் குடிக்கப் போறதில்ல” என்றார் பொன்னுரங்கம். ஏதோ பெரிய சபதம் மாதிரி.

“குடிக்கலன்னா பேசிடுவீங்களா?”

பொன்னுரங்கம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“சரி, வர்றேன்” என்றார் குரு. “எனக்கு மோர் பிடிக்கும்.”

*

காலையிலேயே கம்பெனி ஆட்கள் வந்துவிட்டார்கள். ஏரிக்கரைக் கிணற்றில் இறைத்து அண்டாக்களை நிரப்பினார்கள். பாக்கெட் தயிரை வெட்டி ஊற்றிக் கலக்கினார்கள்.

இறைத்த கயிறு பொன்னுரங்கத்துடையது. கேட்டார்கள். கொடுத்தார். கேட்டால் எப்படி இல்லை என்பது?

பந்தல் பெரிதாக இருந்தது. தூணுக்குத் தூண் கம்பெனி பெயர். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே குளுகுளுவென்று காற்று அடிக்கும் பெட்டிகள். வெளியே நிற்க யாருக்கும் மனசில்லை.

குரு கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்தில் பொன்னுரங்கம்.

தட்டில் மோர் வந்தது. கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் டம்ளர். தடை செய்த டம்ளர்தான். யாரும் கேட்கவில்லை.

குரு இரண்டு எடுத்தார். ஒன்றைக் கடகடவென்று குடித்தார். இன்னொன்றைப் பொன்னுரங்கத்தின் கால் பக்கத்தில் தரையில் வைத்தார்.

“எனக்கு வேணாம்மா. நேத்தே சொன்னேனே.”

“குடிக்கச் சொல்லல. பார்த்துக்கிட்டிருங்க. தட்டி விட்டுடாதீங்க.”

கம்பெனி மேனேஜர் மைக்கைப் பிடித்தார். நல்ல சட்டை, நல்ல தமிழ். வேலைவாய்ப்பு என்றார். வளர்ச்சி என்றார். இந்த ஊர் எங்கள் குடும்பம் என்றார். மறுபடியும் வேலைவாய்ப்பு என்றார்.

“இவரு பேசி முடிக்கறதுக்குள்ள கிணறு தானா வத்திடும்” என்று முன்வரிசையில் சம்பங்கி முணுமுணுத்தாள். பக்கத்தில் இருந்தவள் அவள் தொடையில் கிள்ளினாள். சம்பங்கி அடுத்த டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

பொன்னுரங்கம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. வெறும் மோர்.

மேனேஜர் பள்ளிக்கூடத்துக்குப் பெயின்ட் அடிப்பதாகச் சொன்னார். கோயிலுக்கு லைட் என்றார். கைதட்டினார்கள்.

பேச்சு முடிந்தது.

பஞ்சாயத்துத் தலைவர் வேடியப்பன் எழுந்து தீர்மானத்தை வாசித்தார். கடைசி வரிக்கு வந்ததும் குரல் தணிந்துவிட்டது.

“யாருக்காவது ஆட்சேபனை இருக்கா?”

பந்தலில் சத்தமே இல்லை. காற்றுப் பெட்டிகள் மட்டும் இரைந்தன.

குரு குனிந்தார். தரையில் இருந்த டம்ளரை அலுங்காமல் எடுத்துப் பொன்னுரங்கத்தின் கண்ணுக்கு நேரே பிடித்தார்.

அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு வெள்ளை. அதற்கு மேலே விளிம்பு வரை தெளிந்த தண்ணீர்.

“இதுல அவங்க குடுத்தது எது?”

பொன்னுரங்கம் அடியைத் தொட்டுக் காட்டினார்.

“மீதி?”

பொன்னுரங்கம் டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டார்.

எழுந்து நின்றார்.

“எனக்கு ஆட்சேபனை இருக்கு.”

மைக்கை யாரும் அவரிடம் நீட்டவில்லை. கரகரத்த குரல் அது. அப்படியொன்றும் அழகான குரல் இல்லை. ஆனால் கடைசி வரிசையிலிருந்து மேடை வரை போனது. மேனேஜர் திரும்பிப் பார்த்தார்.

“என்ன மாமா இது” என்றார் வேடியப்பன். “குடிச்ச ஈரம்கூடக் காயல. அதுக்குள்ள அவங்க பந்தல்லயே நின்னு…”

“பந்தல் அவங்களுதுதான் வேடி. நிக்கிற தரை யாருது?”

வேடியப்பன் தரையைப் பார்த்தார்.

பொன்னுரங்கம் டம்ளரைத் தூக்கிப் பிடித்தார்.

“எல்லாரும் பாருங்க. அடியில இருக்கிற தயிர் அவங்க குடுத்தது. நன்றி. மேல இருக்கிறது எங்கேர்ந்து வந்துச்சு? காலையில என் கயித்தைப் போட்டுத்தான் இறைச்சாங்க.”

பந்தலில் இருந்தவர்கள் குனிந்து தங்கள் டம்ளர்களைப் பார்த்தார்கள். பாதி டம்ளர்கள் காலி. சிலருடையதில் இன்னும் மிச்சம் இருந்தது. அதுவும் தெளிந்திருந்தது.

சம்பங்கி எழுந்தாள். வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“நான் மூணு டம்ளர் குடிச்சேன். எனக்கும் ஆட்சேபனை இருக்கு.”

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. அதன்பிறகு நாற்காலிகள் நகரும் சத்தம். அந்தச் சத்தம் நிற்க நேரமாயிற்று.

“ஒவ்வொருத்தரா சொல்லுங்கப்பா” என்றார் வேடியப்பன்.

ஒவ்வொருவராகச் சொன்னார்கள். திக்கித் திக்கிச் சொன்னார்கள். சொன்னதையே திரும்பச் சொன்னார்கள். ஒருவர் பாதியில் அழுதார். அன்றைக்கு முழுக்க அந்தப் பந்தலில் அதைவிட நல்ல பேச்சை யாரும் பேசவில்லை.

கடைசியில் வேடியப்பன் தீர்மானத்தைக் கையில் எடுத்தார். அவருக்கும் அதே கிணறுதான்.

“நிறைவேறல” என்றார். தணியாத குரலில்.

*

கம்பெனி ஆட்கள் காற்றுப் பெட்டிகளை நிறுத்தி வண்டியில் ஏற்றினார்கள். பந்தல் புழுங்கியது. மேனேஜரின் நல்ல சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. அவர் தனியாக நின்று கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அம்மா” என்றார் பொன்னுரங்கம். “அவரு முகத்தைப் பார்க்கவே ஒரு மாதிரியா இருக்கு. வீட்டுக்கு வந்தவரை விரட்டின மாதிரி.”

குரு அண்டாவின் அடியை வழித்து இன்னொரு டம்ளர் மொண்டுகொண்டிருந்தார்.

“யார் வீட்டுக்கு வந்தவரை?” என்றார்.

பொன்னுரங்கம் மேனேஜரைத் திரும்பிப் பார்த்தார்.

பிறகு தன் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார். மெதுவாகச் சுழற்றினார். தயிரும் தண்ணீரும் மறுபடி கலந்தன. நேராக மேனேஜரிடம் போய் அதை நீட்டினார்.

“வேணாம் பெரியவரே. நீங்க குடிங்க.”

“வாங்கிக்கோங்க சார்” என்றார் பொன்னுரங்கம். “வந்தவங்களைத் தண்ணி குடுக்காம நாங்க அனுப்பறதில்ல.”