சுண்ணாம்பு தடவாத கலயம்

செந்தேரிவிளையில் யேசுவடியார் என்று ஒரு பனையேறி இருந்தார். காலையில் இருபது பனை, சாயங்காலம் அதே இருபது பனை. எழுத்து வாசனை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் பாதிரி அய்யர் வாசித்த வசனத்தைக் காதால் பிடித்து, வாரம் முழுக்க வாயில் வைத்திருப்பார். ஒவ்வொரு பனை உச்சியிலும் பாளையைச் சீவி முடித்து, மட்டையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி அந்த வசனத்தை ஒரு தரம் சொல்லிவிட்டுத்தான் இறங்குவார்.

பக்கத்துப் பனையில் ஏறும், அதே சபையைச் சேர்ந்த செல்லையா சும்மா இருக்கமாட்டான். "எலேய், உபதேசியாரு பிரசங்கம் பண்ணுதாரு. காக்காயெல்லாம் முட்டங்கால் போடுங்க" என்பான். யேசுவடியார் அடுத்த பனைக்குப் போய்விடுவார். நாலு பேர் முன்னால் நின்றால் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அவர் வாய்விட்டுப் பேசியது தம் மனைவி தங்கக்கனியோடு மட்டும். பிள்ளை இல்லை. ஒரு சித்திரையில் அந்த அம்மாளுக்குப் பேதி கண்டது. காலையில் படுத்தவர் விளக்கு வைக்குமுன் போய்விட்டார். அடக்கம் செய்த மறுநாள் அவர் பனையேறப் போனார். கல்நெஞ்சு என்று ஊர் பேசியது. பாளையை மேலும் ஒரு நாள் சீவாவிட்டால் காய்ந்துபோகும் என்பது பேசினவர்களுக்கும் தெரியும்.

கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவிப் பாளையில் கட்டினால் வடிவது பதநீர். தடவாமல் கட்டினால் விடிவதற்குள் அது கள். வேதத்துக்கு வந்தவன் கள் இறக்கக்கூடாது என்பது அந்தச் சபையின் கட்டுப்பாடு. பனையேறப் போன அன்று சாயங்காலம் ஏழு பனைகளில் அவர் சுண்ணாம்பு தடவாமல் கலயம் கட்டினார்.

காலையில் அந்த வழியே வந்த, சபைப் பெரியவரான அருளானந்த மூப்பருக்கு வாடை அடித்தது. மூப்பர் கெட்டவர் அல்ல. அவருடைய கூடப்பிறந்த அண்ணன் கள்ளிலேயே அழிந்துபோனவர்.

"சுண்ணாம்பு தடவுனியா, இல்லியாடே?"

"தடவல, அண்ணாச்சி. மறந்துட்டேன். மனசு அவ குழிமேட்டுல கெடந்துச்சு."

"ஒரு கலயத்துக்கு மறக்கலாம். ஏழுக்கும் எப்படி மறக்கும்? கள் எறக்குன எவனும் இதத்தான் சொல்லுதான்."

யேசுவடியார் ஏழு கலயத்தையும் மணலில் கவிழ்த்தார். அதற்குள் தீர்ப்பு ஆகிவிட்டது. ஒரு வருஷம் சபைக்கு வெளியே. நற்கருணை கிடையாது, கோயிலுக்குள் காலே வைக்கக்கூடாது. கள் இறக்குகிறவர்கள், "இனி என்ன, எங்களோட வாரும்" என்று கூப்பிட்டார்கள். அங்கேயும் அவர் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தால் கோயிலின் பின்சுவர் நிழலில் வந்து உட்காருவார். சன்னல் வழியே அய்யர் குரல் கேட்கும். உள்ளே போகிறவர்கள் அவரைப் பாராததுபோல் போவார்கள். ஐந்து மாதம் அங்கே ஒரு ஆளும் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆறாம் மாதம், வெயிலுக்கு ஒதுங்கிய ஆட்டுக்காரர் சுடலை பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். "உள்ள என்னவே சொல்லுதாரு?"

ஒரே ஆள்தானே. நாக்கு ஒட்டவில்லை. கேட்டதைக் கேட்டபடி சொன்னார். மறுவாரம் சுடலை தம் மனைவியோடு வந்தார். அப்புறம் விறகு சுமக்கிற பெண்கள். வருஷக் கடைசியில் பின்சுவர் நிழலில் பதினொரு பேர் இருந்தார்கள். ஒவ்வொருவராக வந்ததில் அவர் நாக்கு ஒட்ட மறந்துபோயிருந்தது.

தண்டனை முடிந்த ஞாயிறு, யேசுவடியார் வாசலில் வந்து நின்றார். மறுபடி சேர வேண்டுமானால் சபையார் இரண்டு பேர் எழுந்து இவர் நடக்கை சுத்தம் என்று சொல்ல வேண்டும். அய்யர் கேட்டார். ஒருவரும் எழவில்லை. ஒரு வருஷம் அவர் குடிசைப் பக்கமே போகாதவர்கள் என்ன சாட்சி சொல்வார்கள்?

அவர் தலையைக் குனிந்து திரும்பினார். அப்போது வெளியிலிருந்து சுடலை, "நாங்க சொல்லுதோம்" என்றார்.

"நீங்க சபையார் இல்ல. ஒங்க சாட்சி செல்லாது" என்றார் மூப்பர்.

"அப்ப மொதல்ல எங்களச் சேத்துக்கிடுங்க. பெறகு சாட்சி சொல்லுதோம்."

அய்யர் இறங்கி வாசலுக்கு வந்தார். "உமக்கு என்ன தெரியும்?" என்று கேட்டார்.

"நூறு ஆட்டுல தொலஞ்சுபோன ஒத்த ஆட்டத் தேடிப் போனவரு கதைய இவரு சொன்னாரு. மிச்ச தொண்ணூத்தொம்பத அதுவரைக்கும் யாருவே பாத்தாங்கன்னு கேட்டேன். 'அது எனக்கும் தெரியல, ஆனா அந்த ஒத்த ஆடு நாந்தான்'னாரு. தெரியாதத தெரியாதுன்னு சொன்ன மனுசன். கள் எறக்கிருந்தா எறக்கினேன்னுதான் சொல்லிருப்பாரு."

வானத்திலிருந்து சத்தம் கேட்டது என்று பிற்பாடு சிலர் சேர்த்துச் சொன்னார்கள். அப்படி ஒன்றும் கேட்கவில்லை. மூப்பர் எழுந்து நின்றார், அவ்வளவுதான். இரண்டாவது ஆள் எழக் கொஞ்சம் நேரமானது. தரையைப் பார்த்துக்கொண்டே செல்லையா எழுந்தான்.

அன்று யேசுவடியார் நற்கருணை வாங்கினார். 

மறு ஞாயிறு உள்ளே அவருக்குப் பாயில் இடம் விட்டிருந்தார்கள். ஒரு வருஷமாக ஏங்கிய இடம். வாசல்வரை வந்தவர் அதைப் பார்த்தார். பிறகு சுவரைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். அங்கே, சபையில் இன்னும் சேராத அந்தப் பதினொரு பேர் காத்திருந்தார்கள்.

அய்யர் அவரை வசனம் சொல்லித்தரும் உபதேசியாக வைத்தார். முப்பது வருஷம் தேரிக்காட்டுச் செம்மணலில் ஊர் ஊராகத் தனியாகவே நடந்தார். அவர் போன இடமெல்லாம் வாசலுக்கு வெளியே நின்றவர்கள்தான் முதலில் வந்தார்கள். ஊர் ஒரு வருஷம் பாராத அந்த மனிதரைக் கர்த்தர் ஒரு நாளும் பாராமல் இருக்கவில்லை. அந்த நல்ல அடியாருக்காகக் கர்த்தருக்கே ஸ்தோத்திரம்.