பிரேக் இருக்கும் பக்கம்

இந்தக் கதையை நான் பல வருடம் நம்பவில்லை. சொன்னவர் கதையில் வரும் சீடரேதான், மெக்கானிக் வேடியப்பன். தன் கோபத்தைப் பற்றி ஒருவர் தானே நல்லவிதமாகச் சொன்னால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். என் கோபம் எனக்கு அடங்காததுகூடக் காரணமாக இருக்கலாம்.

கல்வராயன் மலையடிவாரத்தில் மாசிலாமணி சாமி என்று ஒருவர் இருந்தார். துறவுக்கு முன் தன் கையால் ஃபிரேமை வளைத்து நீட்டிக் கட்டிய ஒரு மோட்டார் சைக்கிள் அவரிடம் இருந்தது. அவர் துறக்காதது அது ஒன்றுதான். அதன் இன்ஜின் செத்துப்போனது. வேடியப்பன் வேறொரு வண்டியின் இன்ஜினைக் கொண்டுவந்தார். ஃபிரேமில் புதிதாகத் தகடு வைத்து வெல்டிங் செய்து அதை உட்கார வைத்தார்.

போல்ட்டை முறுக்கிக்கொண்டே பேச்சை எடுத்தார்.

"சாமி, வர்ற முகூர்த்தத்துல என் பொண்ணுக்குக் கல்யாணம். நான் போகப்போறதில்ல."

"ஏன்?"

"என் மச்சான் வருவான். குத்திக் குத்திப் பேசுவான். பொண்ணோட காதுகுத்துல, சபையில வச்சே அவன அடிச்சவன் நான். இத்தன காலம் உங்ககூட இருந்தும் இந்தக் கை சொல்பேச்சு கேக்கல. இது எப்பத்தான் மாறும்?"

"அவர வரவேணாம்னு சொல்லிடு."

"தாய்மாமன் இல்லாம தாலி ஏறுமா சாமி?"

"அப்பன் இல்லாம ஏறுமா?"

வேடியப்பன் கடைசி போல்ட்டை முறுக்கி முடித்தார். சாமி வண்டியை உதைத்துக் கிளப்பினார்.

"ஏறு."

பழைய இன்ஜினுக்குக் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இப்போது எல்லாம் நேர் எதிர். களத்துமேட்டருகே ஆடுகள் குறுக்கே வந்தன. சாமி இடது காலை ஓங்கி மிதித்தார். கியர்தான் மாறியது. வண்டி வைக்கோல் போருக்குள் புகுந்து நின்றது.

"பிரேக்கு வலது பக்கம் சாமி!"

"தெரியும். காலுக்குத்தான் இன்னும் தெரியல." சாமி தாடியிலிருந்து வைக்கோலை எடுத்தபடி சிரித்தார்.

"பழைய இன்ஜினையே சரிபண்ணி மாட்டிடவா?"

"எதுக்கு? இது நல்லாத்தானே ஓடுது."

"நாளைக்கும் அந்தக் கால்தானே மிதிக்கும்?"

"மிதிக்கும். நீ பின்னால உக்காந்து கத்து. மண்டபத்துல உன் கை எந்திரிச்சா நான் கத்துறேன்."

இருவரும் அந்த வண்டியிலேயே கல்யாணத்துக்குப் போனார்களாம். அங்கே என்ன நடந்தது என்று வேடியப்பன் சொன்னதே இல்லை.

சாமி சமாதியாகி வருடங்கள் ஆயின. போன மாதம் என் வண்டியை வேடியப்பனின் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பழைய டயர் மேல் ஒருவர் உட்கார்ந்து பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்.

"என்ன மாப்ள, ஒரு கார்புரேட்டரக் கழட்ட ஒரு பொழுதா? இந்த லட்சணத்துக்குத்தான் எங்கப்பா உனக்குப் பொண்ணு குடுத்தாரா?"

வேடியப்பனின் கை ஸ்பேனரோடு எழுந்தது. பாதியில் நின்றது. பிறகு ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அதே கையை நீட்டினார்.

"ஒரு பஜ்ஜி குடு மச்சான்."

நான் அவர் பக்கத்தில் போய்க் குனிந்து, மெதுவாகக் கேட்டேன்.

"அண்ணே, இப்பக் கத்தினது சாமியா?"