எலிக்கு வைத்த கருவாடு

வடக்கே போகப் போக மரங்கள் குள்ளமாகிக்கொண்டே வரும். கடைசியில் ஓர் இடத்தில் வில்லோ மரம் கணுக்கால் உயரத்தோடு நின்றுவிடும். ஒரு காட்டையே மிதித்துத் தாண்டி வந்துவிட்டு, "இங்கே காடே இல்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்த மாதிரி இடத்தில், கடலில் போய்ச் சேரும் ஓர் ஆற்றின் கரையில், தோல் கூடாரம் போட்டுக்கொண்டு ஐனா என்ற குரு இருந்தார்.

ஐனா நடுவயதைக்கூடத் தொடாத பெண். அவரைத் தேடி வந்த ஒம்ரினுக்கோ தாடி முழுக்க வெளுத்துவிட்டது. ஆனாலும் அவர் "குருவம்மா" என்றுதான் கூப்பிடுவார். ஐனா அவரைப் "பெரியவரே" என்பார்.

ஒம்ரின் லேசுப்பட்ட ஆள் இல்லை. பெரிய பனிமான் மந்தைக்குச் சொந்தக்காரராக இருந்தவர். மந்தை முழுவதையும் தம்பி மகன் யாத்தினுக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். சத்தமில்லாமல் கொடுத்தாரா என்றால், அதுதான் இல்லை. சுற்றுப்பட்ட முகாம்களையெல்லாம் அழைத்து, விருந்து வைத்து, எல்லோரும் பார்க்கக் கொடுத்தார். தாராள மனசுதான். அதை நாலு பேர் பார்க்க வேண்டும் என்பது மட்டும் அவரிடம் இருந்த சின்னக் குறை.

அந்தக் கோடை முழுவதும் அவருக்குச் சந்தோஷமாகப் போயிற்று. கடல் ஒதுக்கிப் போட்ட கட்டைகளைப் பொறுக்கி வந்து அடுப்பெரித்தார். சதுப்பில் குனிந்து ஆரஞ்சு நிறப் பழங்கள் பறித்தார். கொசுக்கள் அவரை ஒரு வழி பண்ணின. அதற்கும் சிரித்தார். வாழ்க்கையில் இவ்வளவு நிம்மதியாக இருந்ததில்லை என்று அவருக்கே தோன்றியது.

பிறகு பஞ்சுப்புல்லின் பஞ்சு பறந்து தீர்ந்தது. தரையெல்லாம் இலைகள் சிவந்தன. வாத்துகள் கூட்டம் கூட்டமாகத் தெற்கே கிளம்பின. யாத்தினும் மந்தையோடு தெற்கே மரங்கள் இருக்கும் பக்கம் போகிறான். நாளைக்கு இந்த வழியாகத்தான் வருவான். குரு "இருங்க" என்று சொன்னால் ஒம்ரின் குளிர்காலத்துக்கு இங்கேயே இருக்கலாம். சொல்லாவிட்டால், மூட்டையைக் கட்டிக்கொண்டு யாத்தினின் வண்டியில் ஏற வேண்டியதுதான். ஏற அவருக்குக் கொஞ்சமும் மனமில்லை.

"குருவம்மா, நான் இருக்கட்டுமா, போகட்டுமா?"

ஐனா ஒரு தோல் பையையும் ஒரு கருவாட்டுத் துண்டையும் எடுத்து நீட்டினார்.

"எலி வளையில கொஞ்சம் கிழங்கு எடுத்துட்டு வாங்க பெரியவரே."

அந்தப் பக்கத்தில் இது பழைய வழக்கம். அங்கே ஒரு வகைச் சாம்பல் எலி உண்டு. கோடை முழுவதும் அலைந்து, இனிப்பான கிழங்குகளைத் தோண்டி, தரைக்கு அடியில் சேர்த்து வைத்துக்கொள்ளும். குதிகாலால் தட்டிக்கொண்டே நடந்தால் ஓர் இடத்தில் மண் மெத்தென்று இருக்கும். அங்கே புல்லோடு சேர்த்து மண்ணைக் கத்தியால் அறுத்து, பானை மூடியைப் போலத் தூக்க வேண்டும். உள்ளே இருப்பதில் பாதிக்கு மேல் தொடக் கூடாது. எடுத்ததற்குப் பதிலாக ஏதாவது வைத்துவிட்டு, மூடியை மூடிவிட்டு வந்துவிட வேண்டும்.

ஒம்ரினுக்கு இதெல்லாம் தெரியும். ஆனால் அவருடைய முகாமில் அது பெண்களின் வேலை. அவர் கிழங்கைச் சாப்பிட்டதோடு சரி.

அவர் கருவாட்டுத் துண்டைப் பார்த்தார். கட்டைவிரல் அளவுகூட இல்லை.

"இவ்வளவுதானா?"

"எலி சின்னதுதானே" என்றார் ஐனா.

கிளம்பும்போதே ஒம்ரினுக்கு மனசு ஆறவில்லை. ஒரு ஜீவன் கோடை முழுக்கப் பாடுபட்டுச் சேர்த்ததற்கு இதையா கொடுப்பது? அவருடைய சொந்த மூட்டையில் முழு சால்மன் கருவாடு ஒன்று இருந்தது. கொழுப்பு மினுமினுக்கும் நல்ல மீன். குளிர்காலத்துக்கென்று வைத்திருந்தார். குரு கொடுத்த துண்டைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, அந்த மீனை எடுத்துப் போனார்.

ஆற்றுக்கும் ஒரு பெரிய கல்லுக்கும் நடுவில் வளையைக் கண்டுபிடித்தார். கால் பங்கு கிழங்குதான் எடுத்தார். மீனை உள்ளே வைத்து மூடினார். மீன் பெரிது, வளை சின்னது. மூடி சரியாக உட்காராமல் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. அதனால் என்ன என்று பாடிக்கொண்டே திரும்பினார்.

ஐனா கிழங்கை வேகவைத்தார். இருவரும் சாப்பிட்டார்கள். நல்ல இனிப்பு.

"முழு மீனையே வெச்சுட்டேன் குருவம்மா" என்றார் ஒம்ரின். கேட்கப்படாமலேயே சொன்னார்.

ஐனா கையைத் துடைத்துக்கொண்டார்.

"அப்படியா? நாளைக்குப் போய் எலி என்ன சொல்லுதுன்னு கேட்டுட்டு வாங்க."

மறுநாள் காலையில் ஒம்ரின் போனபோது, வளையின் மேல் ஒரு பனிநரி நின்றுகொண்டிருந்தது. முதுகு கோடைக்காலத்துப் பழுப்பாகவே இருக்க, வயிறு மட்டும் வெளுக்கத் தொடங்கியிருந்தது. வாயை நக்கிக்கொண்டே அவரைப் பார்த்தது. அவர் கத்தியதும் ஓடிப்போயிற்று.

மூடி தனியாகக் கிடந்தது. மீன் போய்விட்டது. கிழங்குகள் சிதறிக் கிடந்தன. எலி படுத்திருந்த காய்ந்த புல்லை நரி வெளியே இழுத்துப் போட்டிருந்தது. எலியைக் காணவில்லை.

ஒம்ரினுக்கு அழுகை வந்துவிட்டது. மீன் வாசனையை வைத்து நரிக்கு வழி காட்டியது யார் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆற்றோரம் ஏற்கெனவே பனிக்கட்டி விளிம்பு கட்டியிருந்தது. இனி அந்த எலி எங்கே போய்க் கிழங்கு தேடும்?

அவர் மண்டியிட்டார். கிழங்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். மீன் நாற்றம் அடித்த மண்ணைச் சுரண்டிக் கொண்டுபோய் ஆற்றில் போட்டார். புல்லைத் திரும்பப் பரப்பினார். கிழங்கை அடுக்கினார். நேற்று எடுத்ததில் வேகவைக்காமல் மிச்சமிருந்ததையும் தோளில் கிடந்த பையிலிருந்து எடுத்து உள்ளே போட்டார். சட்டைக்குள் குரு கொடுத்த துண்டு இருந்தது. அதை ஓர் ஓரமாக வைத்தார்.

பிறகு மூடியைப் பொருத்தினார். விளிம்புகளை விரலால் அழுத்தி, பாசி வைத்து அடைத்து, சிவந்த இலைகளை அதன் மேல் பழையபடி நிமிர்த்திவிட்டார். கை விறைத்துப் போயிற்று. அவர் கவனிக்கவில்லை.

எல்லாம் முடிந்ததும் தள்ளிப் போய்க் குப்புறப் படுத்துக்கொண்டார். வெயில் சாய்ந்தது. யாத்தின் வந்துவிடுவானே என்றுகூட அவருக்கு நினைப்பில்லை.

கல்லுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மூக்கு எட்டிப் பார்த்தது. பிறகு முழு எலியும் வந்தது. சிதறலில் அவர் கண்ணில் படாமல் போன ஒரு கிழங்கு அங்கே கிடந்திருக்கிறது. அதைக் கவ்விக்கொண்டு, அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் இலைகளுக்கு அடியில் புகுந்து வளைக்குள் போய்விட்டது.

ஒம்ரின் படுத்தபடியே சத்தம் வராமல் சிரித்தார். அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

அவர் கூடாரத்துக்குத் திரும்பியபோது, பனிமான் பூட்டிய சறுக்குவண்டி வாசலில் நின்றது.

"பெரியப்பா, கிளம்பலாமா? ஆறு உறையறதுக்குள்ள தாண்டணும்" என்றான் யாத்தின். அவருடைய மூட்டையும் படுக்கைத் தோலும் வண்டியில் ஏறியிருந்தன.

ஒம்ரினுக்குத் திக்கென்றது. ஐனாவைப் பார்த்தார்.

"எலி என்ன சொல்லிச்சு?" என்று கேட்டார் ஐனா.

"ஒண்ணும் சொல்லலை. நான் வெச்ச மீனாலதான் நரி வந்துச்சு. வளையைத் தோண்டிப் போட்டிருச்சு. எல்லாத்தையும் திரும்ப வெச்சு மூடிட்டு வந்தேன்."

"எங்கே, காட்டுங்க."

மூவரும் நடந்தார்கள். கல் இருந்தது. ஆறு இருந்தது. நடுவில் சிவந்த இலைகள் பரந்து கிடந்தன. ஒம்ரின் குனிந்து பார்த்தார். நாலடி தள்ளிப் போய்ப் பார்த்தார். மறுபடி வந்து தேடினார். எல்லா இடமும் ஒரே மாதிரி இருந்தது.

"இங்கதான் குருவம்மா... இல்லை, அங்கயோ..."

ஐனாவும் சுற்றிலும் பார்த்தார்.

"இவ்வளவு நேரம் பாடுபட்டேன். இப்ப எந்த இடம்னே தெரியலை" என்றார் ஒம்ரின், தலையைச் சொறிந்துகொண்டு.

ஐனா யாத்தினின் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீ கிளம்பு. பெரியவரோட படுக்கையை மட்டும் இறக்கி வெச்சுட்டுப் போ."