வெங்கலக்குறிச்சிக் கடிகாரம் அனுசரித்த மௌனம்

வெங்கலக்குறிச்சியில் வெயில் உண்டு, புழுதி உண்டு, புத்தி மட்டும் மருந்துக்கும் கிடையாது. அந்த ஊர்க் கடைத்தெரு நடுவில் ஓர் இரும்புத் தூண், அதன் உச்சியில் பெண்டுலம் வைத்த கடிகாரம். பாத்திரக்கடை சிதம்பரநாதர் இறந்ததும், மகன் அம்பலவாணன் அப்பா நினைவாக நிறுத்தியது. பார்த்துக்கொள்ள ஒரு கமிட்டி வேறு. அம்பலவாணன் தலைவர், பூதலிங்கம் செயலாளர், எட்டியப்பன் பொருளாளர். மூன்று பேருக்கும் சேர்த்து மூளை ஒன்றுதான், அதையும் யாரோ இரவல் வாங்கிப் போய்விட்டார்கள்.

கடிகாரத்தை மாட்டிய மெக்கானிக், "மழைத்தண்ணி படாம பாத்துக்கிடுங்க" என்றான். அவ்வளவுதான்! தார்ப்பாயைப் போர்த்தி இறுக்கிக் கட்டினார்கள். கோடை வந்தும் அவிழ்க்கவில்லை. மணி கேட்டவர்களை ஏணியில் ஏற்றி, தார்ப்பாய்க்குள் தலையை விடச் சொன்னார்கள். அப்படி மணி பார்க்கப் போன ஜவுளிக்கடைக் கணக்கப்பிள்ளை விழுந்து காலை ஒடித்துக்கொண்டார்.

ஊரே காறித் துப்பிக்கொண்டிருந்த சமயம், தெருவை அகலப்படுத்த நகராட்சி ஆள் வந்தான். "வெள்ளிக்கிழமை இன்ஜினியர் வருவார். கடிகாரம் வேலை செஞ்சா இருக்கும். நின்னு போயிருந்தா கழட்டிருவோம்."

அம்பலவாணன் ஓடிப்போய்த் தூணைக் கட்டிக்கொண்டான். அப்பா பேர் சொல்ல ஊரில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை அப்பாவின் நினைவு நாளும்கூட. தார்ப்பாயை அவிழ்த்தார்கள். கடிகாரம் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. அதோடு விட்டிருக்கலாம். விடுவார்களா? இரண்டு நிமிடம் மௌன அஞ்சலி என்று மூவரும் தூணடியில் நின்றார்கள். மேலே டிக், டிக்.

"அண்ணாச்சி, நாம வாயை மூடிக்கிட்டு நிக்கோம். இது மட்டும் சத்தம் போடுதே?" என்றான் பூதலிங்கம்.

"ஆமாலே! அப்பா பேருல இருந்துக்கிட்டு இப்படியா மரியாதையில்லாம நடக்கும்? நிப்பாட்டு அதை!"

எட்டியப்பன் யோசித்தான். "ரெண்டு நிமிஷம் ஆயிட்டுன்னு எப்படித் தெரியும்?"

"கூறுகெட்டவனே, கடிகாரத்தைப் பார்த்தாத் தெரிஞ்சிட்டுப் போவுது. பிறகு எதுக்கு வச்சிருக்கு?" என்றான் அம்பலவாணன்.

பூதலிங்கம் ஏறி பெண்டுலத்தைப் பிடித்து நிறுத்தினான். மூவரும் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெயில் ஏறியது. முள் அசையவில்லை. அப்பாவுக்கு எப்பேர்ப்பட்ட அஞ்சலி என்று அம்பலவாணனுக்கு உள்ளூரப் பெருமை.

இன்ஜினியர் லாரியோடு வந்து இறங்கினார். "இது வேலை செய்யுதா, இல்லையா?"

மூன்று ஜோடிக் கண்களும் முள்ளிலேயே இருந்தன.

"உங்களைத்தான்யா கேக்கேன்!"

அம்பலவாணனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. இரண்டு நிமிடம் ஆகவில்லையே! இன்ஜினியர் தலையில் அடித்துக்கொண்டு ஆட்களைக் கூப்பிட்டார். கடிகாரத்தை இறக்கி லாரியில் நிமிர்த்திக் கட்டினார்கள். இன்ஜினியரும் முன்னால் ஏறிக்கொள்ள, லாரி கிளம்பியது. முள் கண்ணுக்குத் தெரிய வேண்டுமே என்று மூவரும் மூச்சுக் காட்டாமல் பின்னாலேயே ஓடினார்கள்.

பஸ் ஸ்டாண்டுப் பள்ளத்தில் லாரி குலுங்கியது. பெண்டுலம் ஆடத் தொடங்கியது. லாரி எருமைக் கூட்டத்துக்குள் மாட்டி ஊர்ந்தது. முள் ஒரு நிமிடம் நகர்ந்தது. இன்னொரு நிமிடமும் நகர்ந்தது.

மூவரும் சட்டென்று நின்றார்கள். கண்ணை மூடிக் கும்பிட்டார்கள். வழி கிடைத்ததும் லாரி வேகமெடுத்து, தெருமுனையில் திரும்பி மறைந்தது.

அம்பலவாணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, வெறும் தெருவைப் பார்த்துச் சொன்னான்: "நல்லா வேலை செய்யுதுங்க சார்!"

"கணீர்னு சொல்லிட்டீங்க அண்ணாச்சி," என்றான் பூதலிங்கம். "இனிமே எப்படிக் கழட்டுதான்னு பார்த்துருவோம்!"