கேட்டு எடுத்த படம்

"என்னால முடியாதும்மா. கேமராவை வித்துடப் போறேன்" என்றார் அம்பலவாணன்.

தோளிலிருந்து கழற்றி, ரெபெக்காளின் முன்னால் வைத்தார். விடிந்ததிலிருந்து பூச்சந்தையைச் சுற்றியும் அதில் ஒரு முகம்கூட விழவில்லை.

ரெபெக்காள் அவரைவிட வயதில் சிறியவள். முன்பின் தெரியாதவர்களைச் சந்தையிலும் பேருந்து நிலையத்திலும் அவள் எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு, கற்றுக்கொள்ளத் தேடி வந்தவர் அவர்.

"என்ன பயம்ண்ணே?"

"திரும்பிப் பார்ப்பாங்க."

"இதுவரைக்கும் யாரை எடுத்தீங்க?"

"செத்தவங்களை."

அவள் கேமராவை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"சாவு வீட்டுக்குக் கூப்பிடுவாங்க. தாடையைக் கட்டின துணி தெரியாம மாலையை இழுத்துவிட்டு, ஸ்டூல்ல ஏறி நின்னு எடுப்பேன். கை நடுங்கினதே இல்லை. ஆனா, எடுக்கறதுக்கு முன்னால ஒரு வார்த்தை கேட்டுக்குவேன். எடுத்துக்கட்டுமான்னு."

"யாருகிட்ட?"

"படுத்திருக்கறவங்ககிட்டதான்."

"என்ன சொல்வாங்க?"

"அவங்க என்னத்தைச் சொல்ல?"

"அப்புறம் ஏன் இங்க வந்தீங்க?"

அம்பலவாணன் அரளிக் குவியலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"என் வீட்டுக்காரி அஞ்சுகத்துக்கு ஒரே ஒரு படம்தான் இருக்கு. நான் எடுத்தது."

பிறகு, மெல்ல:

"கண்ணு மூடியிருக்கும்."

பக்கத்தில் பிச்சிப்பூ விற்றவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஐயா, வாங்கலைன்னா தள்ளி நில்லுங்க. காலையிலேருந்து அதைத் தூக்கறதும் இறக்கறதுமா! படம் எடுக்கப் போறீங்களா, தேங்காய் உடைக்கப் போறீங்களா?"

ரெபெக்காள் எழுந்தாள். பூக்காரியின் கூடையிலிருந்து ஒரு ரோஜா மாலையை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். நடுப்பாதையில் கிடந்த சாக்குகளின் மேல் மல்லாந்து படுத்தாள். கால் கட்டைவிரல்களைச் சேர்த்து வைத்து, கண்ணை மூடினாள்.

"எடுங்க."

"ஐயோ, என்ன விளையாட்டு இது? எழுந்திரும்மா!" என்றார் அம்பலவாணன்.

அவள் அசையவில்லை. மூச்சு விடுவதாகவும் தெரியவில்லை.

"ஏ பிள்ளை!" பூக்காரியின் கையிலிருந்த நார் நழுவியது. "ஏ பிள்ளை, என்னாச்சு உனக்கு?"

ஆட்கள் ஓடிவந்தார்கள். யாரோ தலையில் அடித்துக்கொண்டார்கள்.

அம்பலவாணனின் கைகளுக்கு வேலை தெரியும். குனிந்து மாலையைச் சரிசெய்தார். கவிழ்ந்து கிடந்த பெட்டியின் மேல் ஏறினார். கேமராவைக் கண்ணில் வைத்தார்.

மாலைக்கு மேலே மூடிய இமைகள். அஞ்சுகமும் இப்படித்தான் படுத்திருந்தாள்.

உதடு தானாக அசைந்தது.

"எடுத்துக்கட்டுமா?"

இமைகள் திறந்தன. கண்கள் நேராக அவரைப் பார்த்தன.

"எடுத்துக்கோங்க."

கூட்டம் அலறியது. கூடை ஒன்று உருண்டது. பெட்டியிலிருந்து கால் இடறிக் கீழே வந்து நின்றார் அம்பலவாணன். கன்னத்தில் அறை வாங்கியவர்போல் நின்றார். இத்தனை காலம் கேட்ட கேள்விக்கு அதுதான் முதல் பதில்.

மெதுவாகத் திரும்பினார்.

பூக்காரி நெஞ்சில் கை வைத்தபடி நின்றிருந்தாள். திறந்த வாய் இன்னும் மூடவில்லை.

கேமரா நடுங்கியது.

"எடுத்துக்கட்டுமாம்மா?"

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். ரெபெக்காளைப் பார்த்தாள். திரும்பவும் அவரைப் பார்த்தாள்.

"கொஞ்சம் பொறுங்க" என்றாள். "முகத்தைத் துடைச்சுக்கறேன்."