பகைவன் எலும்பில் ஒரு தூண்டில்

ரேஹு ஆசானைத் தேடி வந்தபோது அவன் கையில் ஒரு மனித எலும்பு இருந்தது. அவனுடைய அண்ணனைக் கொன்றவனின் கால் எலும்பு. கொன்றவனை ரேஹு பழிக்குப் பழியாகக் கொன்றுவிட்டான். ஆனால் ஆத்திரம் தீரவில்லை.

மாவோரி மக்களிடம் அந்தக் காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. செத்த பிறகும் பகைவனை விடமாட்டார்கள். அவன் எலும்பைச் செதுக்கித் தூண்டில் முள்ளாக்குவார்கள். அவன் மீன் பிடித்துத் தர வேண்டும், இவர்கள் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அதைவிடப் பெரிய அவமானம் அந்தக் கடற்கரையில் கிடையாது.

ஆசான் தாவனா ரேஹுவைவிட இரண்டு வயது இளையவர். ஆனாலும் தூண்டில் வேலையில் அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லை. வேண்டாம் என்று புத்தி சொல்வார், சொன்னால் ஒரு கை பார்த்துவிடலாம் என்று வரிந்துகட்டிக்கொண்டுதான் ரேஹு வந்திருந்தான். அவரோ எலும்பைப் புரட்டிப் பார்த்தார்.

"நல்ல எலும்பு. உட்கார்," என்றார்.

மரத்துண்டில் பாவாச் சிப்பியின் மினுங்கும் உட்புறத்தைப் பதிக்கக் கற்றுக்கொடுத்தார். படகுக்குப் பின்னால் இழுத்தால் அது குட்டி மீன் போலப் பளபளக்கும், வேறு இரை தேவையில்லை. எலும்பைக் கல்லில் தேய்த்து முள்ளாக்கி, அந்த மரத்துண்டின் வால் பக்கம் நாரால் இறுகக் கட்டவும் சொல்லிக்கொடுத்தார்.

ஊரில் யாருக்கும் கிடைக்காத மீன் ரேஹுவுக்குக் கிடைத்தது. ஒவ்வொரு மீனையும் கழற்றும்போது முள்ளை வாய்க்கு வந்தபடி திட்டினான். கரைக்கு வந்ததும் அதை நல்ல தண்ணீரில் கழுவி, எண்ணெய் பூசி, நார் தளர்ந்திருந்தால் மாற்றிக் கட்டினான். பெண்டாட்டி பேச்சுக் கொடுத்தாலும் எரிந்து விழுந்தான். பிள்ளைகள் அவனைக் கண்டாலே ஒதுங்கிப் போயின.

இரண்டு கோடை போனது. ஒருநாள் அவன் தூண்டிலைக் கொண்டுவந்து ஆசானின் காலடியில் விட்டெறிந்தான்.

"நீங்கள் சொன்னபடிதான் செய்தேன். இன்னும் என் வயிறு எரிகிறது. இதில் என்ன குறை?"

தாவனா எடுத்துப் பார்த்தார். முள்ளின் நுனியை நகத்தில் வைத்து உரசினார்.

"குறை இல்லை. என்ன எண்ணெய் பூசுகிறாய்?"

"சுறா எண்ணெய்."

"எத்தனை நாளைக்கு ஒருமுறை?"

"தினமும். அதுவா இப்போது முக்கியம்?"

தாவனாவின் முகம் சிவந்தது. அவர் கோபப்பட்டு ரேஹு அதுவரை பார்த்ததில்லை.

"உன் அண்ணன் எனக்கும் கூட்டாளி. அவனைப் புதைத்து இரண்டு கோடை ஆகிவிட்டது. நம் வழக்கப்படி அவன் எலும்புகளைத் தோண்டி எடுத்து, கழுவி, செம்மண் பூசி, முன்னோர் குகையில் சேர்த்திருக்க வேண்டும். கூடப் பிறந்தவன் நீ முன்னால் நிற்காமல் யாரும் அவனைத் தொடக் கூடாது. உன்னிடம் கேட்க ஊரே பயப்படுகிறது. நான் கேட்கிறேன்."

தூண்டிலை அவன் கையில் திணித்தார்.

"கொன்றவன் எலும்பைத் தினமும் கழுவுகிறாய். உன் அண்ணன் எலும்பை எப்போது கழுவப் போகிறாய்?"